மருத்துவச்சி வீட்டு சைரன்

போன மாதம் ஹட்டனில் வயரிங் வேலை பழகும் இளைஞர்கள் சிலர் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மேசையில் ஒரு சைரன் வைத்திருந்தார்கள். சவர்க்காரக் கட்டி அளவுதான் இருக்கும். அழுத்தினால் காது கிழிகிறது. "வீட்டுக்குப் பூட்டுறதுன்னா எதை எடுக்கிறது, எப்படி வயர் இழுக்கிறதுன்னு சொல்லுங்கய்யா" என்றார்கள். ஒரு மணி நேரம் சொன்னேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான், நான் முதன்முதலில் பூட்டிய சைரனைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பது உறைத்தது. அந்த விஷயத்தில் சம்பந்தப்பட்டவர்களில் இன்று நான் மட்டுமே மிச்சம். எழுதி வைத்துவிடுகிறேன்.

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன் நான். பதினாறு வயதில் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின்களுக்கு எண்ணெய் விடச் சேர்ந்தேன். ஓடைத் தண்ணீரை இரும்புக் குழாயில் இறக்கி டர்பைன் சுற்றிக் கரண்ட் எடுத்த காலம் அது. தலவாக்கலையில் ஒரு வேர்க்ஷொப்பில் இரண்டு வருடம் மோட்டாருக்குக் கம்பி சுற்றப் பழகினேன். திரும்பி வந்ததும் தோட்டத்து எலெக்ட்ரீசியன் ஆனேன். அவ்வளவுதான் என் படிப்பு.

தோட்டத்து மனேஜரான தொரைக்குக் கீழே, எனக்கு மேலதிகாரி, தொழிற்சாலையில் தேயிலை பதப்படுத்துவதற்குப் பொறுப்பான பெரிய டீமேக்கர் அபேசேகர ஐயா. காலி நகரப் பக்கத்துச் சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார், அவசரப்படாமல் பேசுவார். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது தப்புச் செய்துவிட்டு வந்து நின்றால், கொஞ்சம் தேயிலைத் தூளை எடுத்து இரண்டு விரலுக்கிடையில் உருட்டிக்கொண்டே இருப்பார். நாம் பேசி முடித்த பிறகும் உருட்டுவார். அந்த மௌனம் தாங்காமல் ஆட்கள் மறைத்ததையும் சொல்லிவிடுவார்கள். ஒரு வேலை கொடுத்தால், "முதல்ல வாயால செய்" என்பார். எந்த வயர் எங்கே போகிறது, எங்கே அறுந்தால் என்ன ஆகும் என்று மேசைமேல் விரலால் வரைந்து காட்டிய பிறகுதான் சாமான் அறைச் சாவியைக் கொடுப்பார்.

அறுபதுகளின் ஆரம்பம். எங்கள் தோட்டத்து மருத்துவச்சி ஞானம்மா. கொட்டகலைப் பக்கத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த ஒரு கிறிஸ்தவ வேதக்காரரின் மகள். முப்பத்தைந்து வயதிருக்கும், கல்யாணம் ஆகவில்லை. அவர் வருவதற்கு முந்திய வருடம் என் அக்கா பிரசவத்தில் செத்துப்போனாள். லயத்து ஒற்றை அறைக் காம்பராவில், தண்ணீர் காய்ச்சக் காய்ச்ச, கண்ணெதிரே. ஞானம்மா வந்த பிறகு எங்கள் தோட்டத்தில் அப்படி ஒரு சாவு நடக்கவில்லை. மழையோ பனியோ, குடையும் பெட்டியுமாகத் தோட்டத்தின் எந்த டிவிஷனுக்கும் நடந்தே போவார்.

அவர் குடியிருந்தது மருந்துச்சாலையை ஒட்டிய வீடு. ஒரே நீளக் கட்டடம், ஒரே தகரக்கூரை. ஒரு பாதி மருந்துச்சாலை, மறு பாதி அவர் வீடு. மருந்துச்சாலைக்குப் பொறுப்பானவரை எல்லாரும் டாக்டர் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். உண்மையில் அவர் டாக்டர் இல்லை, டிஸ்பென்சர். மேலே ஒரு தனி பங்களாவில் குடும்பத்தோடு இருந்தார். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. பிள்ளைகள் நல்ல நிலைமையில் இருக்கிறார்கள்.

ஒரு நாள் அபேசேகர ஐயா என்னைக் கூப்பிட்டு, ஞானம்மா வீட்டுக்குள் யாரோ வந்து போகிறார்கள் என்றார். அவர் வேலைக்குப் போயிருக்கும் பகல் நேரத்தில். எதுவும் திருடு போகவில்லை. முதல் தடவை பெட்டி திறந்து கிடந்தது. இரண்டாம் தடவை கொடியில் கிடந்த சேலை மடித்துத் தலையணைமேல் வைக்கப்பட்டிருந்தது. மூன்றாம் தடவை அவருடைய சீப்பைக் காணவில்லை. இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் இருந்தது.

"பூட்டு மாத்தினாங்களா ஐயா?"

"ரெண்டு தரம். அந்த அம்மா தொரைகிட்ட போய், வேலையை விட்டுப் போறேன்னு சொல்லிட்டாங்க. இன்னொரு மருத்துவச்சி இந்தக் காட்டுக்கு வர மாட்டா. தொரை சைரன் பூட்டச் சொல்றார். நீ பூட்டுவியா?"

பூட்டுவேன் என்றேன். என் அக்கா முகம்தான் கண்ணில் நின்றது.

எதைப் பூட்டுவது என்பதில் எங்களுக்குள் ஒத்துவரவில்லை. அவர் பெரிய மணி போதும் என்றார். லொறி ஹோர்ன் வைக்கலாம் என்றும் ஒரு யோசனை இருந்தது. நான் கொழும்பிலிருந்து ரயில் பார்சலில் வந்த ஒரு சின்ன சைரனைப் பூட்டலாம் என்றேன். தேங்காய் அளவு தகர உருண்டை, உள்ளே பன்னிரண்டு வோல்ட் மோட்டார். அது சுற்றச் சுற்ற, தகட்டின் துவாரங்கள் வழியே காற்று கிழிந்து கூவும். "சின்னதா இருக்கே" என்றார். "கேட்டுப் பாத்து முடிவு பண்ணுவோம்."

தென்மேற்கு மழை தொடங்கியிருந்தது. மூன்றையும் ஞானம்மா வீட்டுத் தாழ்வாரத்தில் கட்டினோம். கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக அவர் அழுத்துவதாகவும், நான் லயத்தில் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் நின்று கேட்பதாகவும் ஏற்பாடு. ஆபத்தில் ஓடி வரப்போகிறவர்கள் லயத்து ஆட்கள்தானே. பீலியடியில் நான்கைந்து பெண்கள் குடம் வைத்துக்கொண்டு நின்றார்கள். பனிமூட்டம் பத்தடிக்கு மேல் எதையும் காட்டவில்லை. தகரத்தில் மழை இரைந்தது. மணிக்குக் குறித்திருந்த நேரம் வந்து போனது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஹோர்ன் கேட்டது. "கொழுந்து லொறி வருது போல" என்று ஒருத்தி சொல்லிவிட்டுக் குடத்தைக் கழுவினாள். பிறகு சைரன். தாழத் தொடங்கி, ஏறி, உச்சியில் நின்று அலறியது. அந்தப் பெண் இடுப்பில் எடுத்த குடத்தைக் கீழே வைத்தாள்.

"என்னாது அது? யாருக்கு என்ன ஆச்சு?"

திரும்பிப் போய், நடந்ததை அப்படியே சொன்னேன். அபேசேகர ஐயா மணியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "இதைக் கொண்டு போய் வை" என்றார்.

வயரிங்கையும் வாயால் செய்து காட்டினேன். தொழிற்சாலைக் கரண்டை நம்ப முடியாது. கொழுந்து குறைந்த நாளில் டர்பைன் நிற்கும். ஆகவே லொறி பேட்டரி. அதை சைரனுக்கு அருகிலேயே வைத்து, நாலு முழத்துக்குமேல் போகாமல் தடித்த வயர் இழுக்க வேண்டும். தூரம் கூடினால் வோல்ட் இறங்கி, சைரன் அலறாமல் முனகும். கதவு ஜன்னல்களுக்கு மெல்லிய வயர் போதும். ஒவ்வொன்றிலும் இரண்டு பித்தளைத் தகடுகள். சாத்தியிருக்கும்போது ஒன்றையொன்று தொடும். எல்லாத் தகடுகளையும் ஒரே வயரில் மாலைபோலக் கோர்த்து, அதில் எந்நேரமும் கொஞ்சம் கரண்ட் ஓடவிட வேண்டும். அந்தக் கரண்ட் ரிலே என்ற சின்ன காந்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். கதவு திறந்தாலும் சரி, வயரை வெட்டினாலும் சரி, கரண்ட் நின்று காந்தம் விடும், சைரன் அலறும். கதவைத் திரும்பச் சாத்தினாலும் நிற்காது.

"அப்ப அந்த அம்மா எப்படி உள்ளே போறது?"

"ஒரு சுவிட்ச் மறைச்சு வைக்கிறேனுங்க. அதைத் தட்டிட்டுத்தான் கதவைத் தொறக்கணும். அது எங்க இருக்குன்னு அவங்களுக்கும் நமக்கும் மட்டுந்தான் தெரியும்."

சுவிட்ச், பின்புறக் கழுவுகல்லுக்கு மேலே கூரைச் சட்டத்தின் மறைவில் போனது. சைரனைக் கூரை இறவாணத்தில் வாய் கீழ்ப்பக்கமாகத் தொங்கவிட்டு, குளவி கூடு கட்டாமல் கம்பி வலை அடித்தேன். பின்ஜன்னலுக்குப் போகும் வயரைச் சுவர் சுற்றி இழுக்க வேண்டியது. ஒரு நாள் வேலையை மிச்சம் பிடிக்க, அதை ஒரு மூங்கிலில் கட்டி, அறைகளுக்குச் சீலிங்காக அடித்திருந்த மேல்பலகையின் இடுக்கு வழியே, மேலே ஏறாமல், பலகைக்கு மேலாகத் தள்ளிவிட்டேன். அந்தக் கட்டடத்தில் நடுச்சுவர் மேல்பலகையோடு நின்றுவிடும். அதற்குமேல் கூரைக்கடியில் இரு பாதிக்கும் ஒரே வெளி. ஏறிப்போக ஒரே வழி, மருந்து வைக்கும் அறையில் இருந்த மேல்மூடி. அன்று அதைப் பற்றி நான் ஒரு விநாடியும் யோசிக்கவில்லை.

மூன்று வாரம் ஒரு தொந்தரவும் இல்லை. ஞானம்மா முகம் தெளிந்திருந்தது.

பிறகு ஒரு திங்கட்கிழமை முற்பகலில் சைரன் அலறியது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கூடையை மலையில் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். கதவு பூட்டியபடி இருந்தது, ஜன்னல்கள் சாத்தியபடி. ஞானம்மா மேல் டிவிஷனில் இருந்தார். புதன்கிழமை மறுபடி. வியாழக்கிழமை மறுபடி. மழைக்குக் கதவு ஊதித் தகடு விலகுகிறதோ என்று நிலையைச் செதுக்கினேன், தகடுகளை வளைத்தேன், ரிலேயைத் துடைத்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை நாலாம் தடவை அலறியபோது யாரும் ஓடவில்லை. காவல்காரர் மட்டும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார்.

"இதைக் கழட்டணும்னு டாக்டர் ஐயா சொல்றதும் நியாயந்தானே" என்றார் அவர். "நோயாளிங்க பயந்து போறாங்களாம்."

தொரை வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "சனிக்கிழமைக்குள்ள கழட்டு" என்றார்.

அன்று சாயந்தரம் ஞானம்மா என்னிடம் ஒரு காகிதத்தைக் காட்டினார். ராஜினாமாக் கடிதம். தேதி மட்டும் போடவில்லை.

"கழட்டுற அன்னைக்குத் தேதி போட்டுக்குவேன், தம்பி. ஒங்க மேல தப்பு இல்ல."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைச் சுட்டது. நான் சோதிக்காத ஒரே இடம் மேல்பலகை. மறுநாள் காலையில் ஏணியோடு மருந்துச்சாலைக்குப் போனேன். டாக்டர் ஐயா மறுக்கவில்லை. டோர்ச் கொடுத்தார், ஏணியையும் பிடித்துக்கொண்டார். "பாத்துப் போ வேலாயுதம், பலகை பலமில்ல" என்றார்.

முழங்காலும் கையுமாகச் சட்டங்களின்மேல் நகர்ந்தேன். என் வயர் ஓரிடத்தில் அறுக்கப்பட்டு, மறுபடி முறுக்கிச் சேர்க்கப்பட்டிருந்தது. அது என் முறுக்கு இல்லை. வேண்டியபோது பிரித்து, வேண்டியபோது சேர்க்கிற மாதிரித் தளர்வாக இருந்தது. பக்கத்தில் இரு முனையும் சுரண்டிய ஒரு துண்டு வயர். அதைச் சரியான இரண்டு இடத்தில் கொக்கி போட்டால் பின்ஜன்னலைத் திறந்தாலும் சைரன் அலறாது; பூட்டு மாற்றியும் ஆள் வந்து போன வழி அந்த ஜன்னல்தான். அந்த வித்தை கைவரும்வரை முயன்று பார்த்திருக்கிறார்கள், அல்லது சைரனையே கழற்றவைக்கப் பார்த்திருக்கிறார்கள்.

டோர்ச்சை அணைத்தேன். இருட்டில், ஞானம்மா வீட்டுப் பக்கம், பலகையிலிருந்து விரல் கனத்தில் ஒரு வெளிச்சம் மேலே வந்தது. கிட்டப் போனேன். துரப்பணத்தால் சுத்தமாகப் போட்ட துவாரம். கூரைக்கடியில் எல்லா இடமும் ஒரு விரல் தூசி. அந்தத் துவாரத்தைச் சுற்றி மட்டும், ஒரு ஆள் குப்புறப் படுக்கும் நீளத்துக்குத் தூசியே இல்லை. நான் குனிந்து பார்க்கவில்லை. கீழே எது இருக்கும் என்று எனக்குத் தெரியும். வயர் இழுத்தபோது அந்த அறைக் கட்டிலை நகர்த்தியவன் நான்.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருப்பவர் இருமினார்.

"என்ன, எலி கடிச்சிருக்கா?"

"ஆமாங்க ஐயா" என்றேன். "எலிதானுங்க."

ஏணியில் இறங்கினேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் டோர்ச்சைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.

அபேசேகர ஐயாவிடம் சொல்லப் பயமாக இருந்தது. டாக்டர் ஐயாவும் அவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றாகச் சீட்டு ஆடுபவர்கள். லயத்தில் பிறந்தவன் ஒருவன் உத்தியோகத்தர்மேல் இப்படி ஒரு சொல் சொன்னால், அவன் குடும்பமே மறுநாள் தோட்டத்தைவிட்டுப் போக வேண்டியதுதான். ஆனாலும் சொன்னேன். தூளை உருட்டிக்கொண்டே கேட்டார். நான் நிறுத்திய பிறகும் உருட்டினார். இந்தத் தடவை என்னிடம் மறைக்க ஒன்றும் இல்லாததால் நானும் சும்மா நின்றேன்.

"நீ கண்ணால கண்டது வயரையும் ஓட்டையையும். ஆளை இல்ல" என்றார்.

"ஆமாங்க."

"அப்ப ஆளை வயர் சொல்லட்டும்."

தொரை குடியிருந்த பெரிய பங்களாச் சமையலறையில் பழைய மணிப்பலகை ஒன்று கழற்றிக் கிடந்தது. எந்த அறையிலிருந்து மணி அடித்தார்கள் என்று சமையல்கார அப்புவுக்குக் காட்டுவது. அந்தந்த அறைக்குரிய இலக்கத் தகடு விழும். அதில் இரண்டு இலக்கங்களை எடுத்துக்கொண்டோம். ஒன்று, கதவு ஜன்னல்களுக்கு. இரண்டு, மருந்தறை மேல்மூடிக்கு. அந்த மூடியைத் தூக்கினாலே சைரன் அலறும், இரண்டாம் தகடு விழும். அதற்கு நிறுத்தும் சுவிட்சே வைக்கவில்லை. டாக்டர் ஐயா மருந்து எடுக்க நுவரெலியா போகும் நாளில், ஞானம்மா வீட்டுப் பக்கமாக ஒரு பலகையைக் கழற்றி உள்ளே புகுந்து வேலையை முடிப்பது என்று முடிவு. தொரையிடம் அபேசேகர ஐயாவே போய், கோளாறு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க இன்னும் ஒரு வாரம் கேட்டார். மணிப்பலகையை ஞானம்மா வீட்டு முன்னறை அலமாரிக்குள் பூட்டி, யாராவது திறந்தால் கிழியும்படி, தொரை கையெழுத்திட்ட காகிதத்தை அலமாரிக் கதவின்மேல் ஒட்டினோம்.

ஞானம்மாவிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. முற்றத்தில் நின்று, மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அது எம்புட்டு நாளா இருக்கும்?"

"தெரியலீங்கம்மா. பழைய ஓட்டைதான். இப்பவே அடைச்சுத் தந்துர்றேன்."

"அடைச்சா அவருக்குத் தெரிஞ்சு போகும் இல்ல?"

"ஆமாங்க."

"அடைக்காதீங்க" என்றார்.

எட்டு நாள் அந்த அம்மா அந்தத் துவாரத்துக்குக் கீழே நடமாடினார். குளிப்பது பிரசவ வார்டில். உடுத்த சேலையோடு படுக்கை. பகலில் அறைக்குள் போய், மேலே பார்க்காமல், துணி மடித்தார். பக்கத்தில் மருந்துச்சாலையில் அதே மனிதரோடு வேலை செய்தார், அவர் நீட்டிய மருந்தை வாங்கினார். நான் பார்த்த தைரியங்களில் அதற்கு மேல் ஒன்றைச் சொல்ல எனக்குத் தெரியாது.

ஒன்பதாம் நாள் முற்பகல். விடிய விடிய ஒரு பிரசவம் பார்த்துவிட்டு அவர் வீடு திரும்பியிருந்தார். நான் தொழிற்சாலையில் ரோலருக்கடியில் படுத்திருந்தேன். இயந்திர இரைச்சலுக்கு மேலாக அந்தச் சத்தம் ஏறியது. அபேசேகர ஐயா தொரைக்கு ஆள் அனுப்பிவிட்டு, அந்த வயதில், எனக்கு முன்னால் ஓடினார்.

மருந்துச்சாலை வாசலில் டாக்டர் ஐயா நின்று, வந்த இரண்டொருவரைக் கையசைத்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். "சும்மாதான், போங்க. பழைய கதைதான்." அவர் கோட்டின் முழங்கையில் தூசி இருந்தது. ஞானம்மா தன் வீட்டு வாசற்படியில் நின்றார். தொரையின் ஜீப் வந்தது.

காகிதத்தில் இருந்த கையெழுத்தைத் தொரை பார்த்தார், தானே கிழித்தார், அலமாரியைத் திறந்தார். முதலாம் தகடு அசையாமல் இருந்தது. இரண்டாம் தகடு விழுந்திருந்தது.

"ரெண்டு எங்கே?" என்றார் தொரை.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அபேசேகர ஐயா, "சொல்லு" என்றார்.

"மருந்து காம்பரா மேல்மூடிங்க, தொரை."

"எலி" என்றார் டாக்டர் ஐயா. "எலி பிடிக்கத்தான் மூடியைத் தூக்கினேன். இவனே சொன்னான், எலி இருக்குன்னு."

தொரை ஞானம்மா பக்கம் திரும்பினார். "நீ ஏதும் சொல்லணுமா?"

அவர் கையை உயர்த்தி மேல்பலகையைக் காட்டினார். "தொரையே ஏறிப் பாக்கட்டும்."

தொரை கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு ஏறினார். கொஞ்ச நேரம் மேலே சட்டங்கள் கிறீச்சிட்டன. பிறகு அசைவில்லை. இறங்கி வந்தவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கை கழுவத் தண்ணீர் கேட்டார். சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினார். "நாலு மணிக்கு ஒபீஸுக்கு வா" என்று டாக்டர் ஐயாவிடம் சொன்னார். அதுவரை அவரை "வாங்க" என்று பேசிக் கேட்டுத்தான் எங்களுக்குப் பழக்கம்.

பொலிஸுக்கு யாரும் போகவில்லை. சொந்த விருப்பத்தில் மாற்றம் கேட்டதாக எழுதி வாங்கிக்கொண்டு, இரண்டு வாரத்தில் அவரை அனுப்பினார்கள். தேநீர் விருந்து வைத்து, மாலை போட்டு. அவர் போன தோட்டத்துக்கு யாராவது ஏதாவது சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. இன்றும் அது உறுத்துகிறது. அந்த விருந்துக்கு அபேசேகர ஐயா போகவில்லை. அன்று முழுவதும் தொழிற்சாலையிலேயே இருந்தார்.

தோட்டத்துக் கொத்தனார் நடுச்சுவரைக் கூரைவரை எழுப்பினார். துவாரத்தை அடைத்தேன். வயரையெல்லாம் முதலிலேயே போட்டிருக்க வேண்டியபடி சுவர் சுற்றி இழுத்தேன். வேலை முடிந்த அன்று ஞானம்மா என்னிடம், "அந்த மறைச்சு வச்ச சுவிட்சை எப்படிக் கழட்டி இன்னொரு எடத்துல பூட்டுறதுன்னு காட்டுவீங்களா?" என்று கேட்டார்.

"எங்க வேணும்னு சொல்லுங்கம்மா, நான் மாத்தித் தர்றேன்."

"இல்ல. நான் பூட்டணும்."

பழைய வயர் துண்டில் செய்து காட்டினேன். எப்படிச் சுரண்டுவது, எந்தப் பக்கம் முறுக்குவது, திருகு எவ்வளவு இறுக வேண்டும். கத்தரிக்கோலும் ஊசியும் பழகிய கை, இரண்டாம் முறையிலேயே பிடிபட்டுவிட்டது. பிறகு என் ஸ்க்ரூட்ரைவரை வாங்கிக்கொண்டார்.

"இனி நீங்க கீழ ரோட்டுக்குப் போயிடுங்க, தம்பி. நான் கூப்புடுற வரைக்கும் வர வேணாம்."

புரியாமல் நின்றேன்.

"அது எங்க இருக்குன்னு யாருக்கும் தெரிய வேணாம். ஒங்களையும் சேத்துத்தான் சொல்றேன். கோவிச்சுக்காதீங்க."

கோபம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். இவ்வளவு செய்தவனையா என்று நினைத்தேன். ரோட்டில் இறங்கி, கொழுந்துச் செடிகள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையைக் கட்டி நின்றேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. நிற்க நிற்கத்தான் என் கோபத்துக்குள்ளேயே எனக்கு ஒன்று புரிந்தது. அவருடைய வீட்டுக்குள் சத்தமில்லாமல் நுழையும் வழி தெரிந்த ஒரு ஆண், அந்த நிமிடம் வரை, நானும்தான்.

வெகுநேரம் கழித்து சைரன் ஒரு தடவை ஏறி அலறி, நின்றது.

"சரியா வேலை செய்யுது தம்பி" என்று மேலிருந்து குரல் வந்தது. "இனி திங்கக்கிழமை பேட்டரி மாத்த மட்டும் வாங்க. நான் வீட்டுல இருக்கிறப்ப."

அந்த வீட்டில் அவர் இன்னும் பதினொரு வருடம் இருந்தார். திங்கட்கிழமைதோறும் பேட்டரி மாற்றினேன். அந்த சுவிட்ச் எங்கே இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.